செவ்வாய்க்கிழமை அட்டவணை

பார்சல் வண்டியில் ஏற்ற எடுத்த பெட்டியின் மேல் ஒட்டியிருந்த பெயரைப் பார்த்ததும் குரமோச்சி அதை மறுபடி கீழே வைத்தான். ஹிரானுமா சத்தோமி. தக்காசாகி ஊரில் இன்னொரு ஹிரானுமா சத்தோமி இருக்கக்கூடாதா என்று அனுப்பியவர் முகவரியைப் பார்த்தான். நகானோ. அவள் பிறந்த ஊர் நகானோதான். புது வருஷத்துக்குப் போய்விட்டு வரும்போதெல்லாம் ஒரு டப்பா கீரை ஊறுகாய் கொண்டுவந்து ஆபீஸ் முழுக்க மணக்க வைப்பாள். சந்தேகத்துக்கே இடமில்லை.

ஏழு மாதம் முன்பு வரை அவனுக்கு அடுத்த மேஜையில் உட்கார்ந்திருந்தவள். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அவன் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போனானே, அன்றைக்கு அவனுடைய வேலையெல்லாம் யார் தலையில் விழுந்திருக்கும்? அவள் தலையில்தான். அந்தப் பிரிவில் வேறு தலை கிடையாது.

ஓடிப்போனான் என்று சொல்வது கொஞ்சம் மரியாதையான பேச்சு. நிஜத்தில் அவன் ஓடக்கூட இல்லை, படுத்திருந்தான். நமக்குப் பதிலாக நம் ஆபீசுக்குப் போன் செய்து, 'இவர் இனிமேல் வரமாட்டார், இவரைக் கூப்பிடவும் கூடாது' என்று சொல்லிவிட இந்த ஊரில் கம்பெனிகள் இருக்கின்றன. அப்படி ஒரு கம்பெனியில் பணம் கட்டிவிட்டு, போனை அணைத்துப் போர்வைக்குள் போட்டுக்கொண்டு, முப்பத்தாறு வயது ஆண்பிள்ளை முட்டியைக் கட்டிக்கொண்டு கிடந்தான். வேலையை விடும்போது ஒவ்வொரு மேஜையாகப் போய் இனிப்புப் பெட்டி கொடுத்து, இத்தனை நாள் தொந்தரவு கொடுத்தேன் என்று குனிவார்களே, அதுவும் கிடையாது.

அதற்கு முதல் நாள்தான் அந்தக் கூத்து நடந்தது. ஆபீஸ் வாசலில் இருக்கிற பானங்கள் விற்கும் எந்திரத்தில் காசு போட்டுவிட்டு நின்றவனுக்கு, டீயா காப்பியா என்று முடிவு செய்ய முடியவில்லை. டீ வேண்டுமென்றால் பச்சை டீயா, கருப்பு டீயா. சூடாகவா, குளிர்ச்சியாகவா. பின்னால் நாலு பேர் வரிசை கட்டிவிட்டார்கள். அவனுக்கு வியர்த்துக் கொட்டியது. கடைசியில் காசைத் திருப்பி எடுத்துக்கொண்டு, நாலு பேரிடமும் தனித்தனியாக மன்னிப்புக் கேட்டுவிட்டு, கழிவறைக்குள் போய் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தான். ஏன் என்று அவனுக்கு இன்றுவரை தெரியாது.

தெரியாமல் என்ன, எல்லாம் அந்த அட்டவணைதான். அது குளியலறைக் குழாய் விற்கிற கம்பெனி, நாற்பத்தொரு கிளை. ஒவ்வொரு திங்கட்கிழமையும் நாற்பத்தொரு கிளைகளுக்கும் போன் போட்டு, கெஞ்சிக் கூத்தாடிக் கணக்கு வாங்கி, எந்தக் குழாய் எங்கே தேங்கிக் கிடக்கிறது என்று ஒரு பெரிய தாளில் கட்டங்களை வண்ணம் வண்ணமாக அடைத்து, செவ்வாய் காலையில் பிரிவுத் தலைவர் இசோபேயின் மேஜையில் வைக்கவேண்டும். திங்கள் இரவு கடைசி ரயில் போனபிறகுதான் முடியும். வாரத்தின் மற்ற நாட்களில் அடுத்த திங்களை நினைத்துப் பயப்படவேண்டும். தாளின் மூலையில் அவன் கையெழுத்துக்குப் பதிலாகத் தன் பெயர் முத்திரையைக் கொஞ்சம் இடது பக்கம் சாய்த்துக் குத்துவான். பக்கத்தில் குத்தப்போகும் மேலதிகாரியின் முத்திரைக்கு அது குனிந்து வணக்கம் சொல்கிற மாதிரி இருக்கவேண்டும், அதுதான் முறை. சாயங்காலம் இசோபேயின் முத்திரையோடு தாள் திரும்பி வரும். ஆறு வருஷம் ஒரு வாரம்கூடத் தவறவில்லை.

இப்போது பார்சல் வண்டி. காலை ஏழரைக்கு வண்டியில் பெட்டி அடுக்கவேண்டும், நூற்றிருபது வீடு, கால் வலி. பத்து மணிக்குப் படுத்தால் பொழுது விடிந்துதான் கண் திறக்கிறான். சோறு ருசிக்கிறது. ஒரு பெட்டியைக் கொடுத்தால் அந்தப் பெட்டி முடிந்துவிடுகிறது, மறுநாள் வந்து 'என்னை ஏன் நீல வண்ணத்தில் அடைக்கவில்லை' என்று கேட்பதில்லை. சந்தோஷமாகத்தான் இருந்தான். அதுதான் அவனுக்கு உறுத்தியது. இன்னொருத்தியைக் குழியில் தள்ளிவிட்டு வந்தவன் சந்தோஷமாக இருக்கலாமா? குற்றவாளியா, தப்பித்தவனா, தான் யார் என்று அவனுக்கே பிடிபடவில்லை. இது தீராமல் இந்த வேலையில் நிம்மதியாக ஒரு நாள்கூட இருக்கமுடியாது என்பது மட்டும் தெரிந்தது.

புதன்கிழமை காலையில் பெட்டியை எடுத்துக்கொண்டு போனான். லிஃப்ட் இல்லாத கட்டடம், மூன்றாவது மாடி. மணியை அடித்துவிட்டு, கதவு திறக்கக்கூடாதே என்று நின்றான். திறக்கவில்லை. 'வந்தோம், நீங்கள் இல்லை' என்ற சீட்டை எழுதி வைக்கவேண்டும். சீட்டில் டிரைவர் பெயரும் போன் எண்ணும் போடவேண்டும். பேனாவை வைத்தவன் எடுத்துவிட்டான். யோசிக்காமல் 'மகாபே' என்று எழுதி, கூட வண்டி ஓட்டும் மகாபே அக்காவின் எண்ணையும் போட்டுவிட்டு இறங்கி ஓடிவந்தான்.

வியாழன் சாயங்காலம் ஏழரைக்குப் போனான். சன்னல் இருட்டு. வெள்ளி எட்டு மணிக்குப் போனான், அப்போதும் இருட்டு. தபால் பெட்டியில் விளம்பரத் தாள்கள் பிதுங்கிக் கிடந்தன. பால்கனியில் புதன்கிழமை தொங்கிய அதே மஞ்சள் துண்டு வெள்ளிக்கிழமையும் தொங்கியது. துணியை எடுத்து மடிக்கக்கூட நேரமில்லாத வாழ்க்கை எப்படிப்பட்டது என்று அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். அந்த மூன்றாவது மாடி இருட்டைக் கீழேயிருந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டு, அவள் இந்த நேரத்தில் எந்தக் கிளையோடு கெஞ்சிக்கொண்டிருக்கிறாளோ என்று நினைத்தான். குளிரூட்டி வைக்கும் சாப்பாட்டுப் பார்சலை மூன்று நாளுக்கு மேல் வைத்துக்கொள்ள மாட்டார்கள். சனிக்கிழமை தாண்டினால் பெற்றவர்கள் அனுப்பிய சாப்பாடு நகானோவுக்கே திரும்பிவிடும்.

வெள்ளி இரவு வண்டியை நிறுத்திவிட்டு வந்தவனை மகாபே அக்கா வாசலிலேயே மடக்கினாள். ஐம்பத்திரண்டு வயது, இருபது வருஷமாக வண்டி ஓட்டுகிறவள், குரல் கொஞ்சம் பெரியது.

"ஏம்ப்பா தம்பி, ஹிரானுமான்னு ஒரு பொண்ணு எனக்குப் போன் பண்ணுது. மகாபே சார் இருக்காரான்னு கேக்குது. நான் எப்பப்பா சாரானேன்?"

"தப்பா எழுதிட்டேன் அக்கா."

"தப்பா எழுதறவன் ஒரு நம்பரைத் தப்பா எழுதுவான். நீ என் பேரு, பதினோரு இலக்க போன் நம்பரு, எல்லாத்தையும் சரியா எழுதியிருக்கியே. யாரு அது? பழைய காதலியா?"

"ஐயோ, இல்லக்கா."

"கடன் வாங்கினியா?"

"இல்ல."

"அப்ப எதுக்குடா பயந்து சாகற?"

அவன் சொன்னான். வரிசையாகச் சொல்லத் தெரியவில்லை. டீ, காப்பி, போர்வை, நாற்பத்தொரு கிளை, மஞ்சள் துண்டு என்று கலந்து கட்டிச் சொன்னான். மகாபே அக்கா கையுறையைக் கழற்றிக்கொண்டே கேட்டாள்.

"எனக்கு ஒண்ணும் புரியல. ஆனா நாளைக்குக் காலைல பத்து மணிக்கு அந்தப் பொண்ணு வீட்ல இருக்குமாம். வர்றேன்னு சொல்லிட்டேன். அந்தத் தெரு உன்னுது. நான் மாடி ஏறமாட்டேன்."

"நீங்க ஒரு தடவை மட்டும்..."

"மாட்டேன்னா மாட்டேன். என் முட்டிக்கு நீ பதில் சொல்லுவியா?"

சனிக்கிழமை பத்து மணிக்குத் தொப்பியைப் புருவம் வரை இழுத்துவிட்டு, முகக்கவசத்தைக் கண் வரை ஏற்றிக்கொண்டு மாடி ஏறினான். என்ன சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தான். மன்னிப்புக் கேட்பதா? கேட்டால் அவள் அழுதால்? கேட்காமல் பெட்டியை நீட்டிவிட்டு வந்துவிட்டால்? அப்படிச் செய்தால் மறுபடியும் ஓடின மாதிரிதானே? இரண்டாவது மாடியில் கேட்பது என்று முடிவு செய்தான். மூன்றாவது மாடியில் வேண்டாம் என்று முடிவு செய்தான். மணியடித்தான்.

கதவு திறந்தது. வெயிலில் கறுத்த முகம், விளையாட்டுச் சட்டை, முழங்காலில் பிளாஸ்திரி, பத்து விரலிலும் வெள்ளை டேப். ஆபீசில் காகிதம் மாதிரி வெளுத்துக் கிடந்த பெண்ணை அவன் இப்படிப் பார்த்ததே இல்லை. வீடு மாறி வந்துவிட்டோமோ என்று ஒரு நொடி நினைத்தான்.

"பார்சல்" என்று குரலை மாற்றிச் சொல்லிக் குனிந்தான்.

"குரமோச்சி சாரா?"

அவன் குனிந்தபடியே நின்றான்.

"குரமோச்சி சார்தானே? இவ்வளவு கீழ குனிஞ்சு இவ்வளவு மெதுவா நிமிர்றவங்க இந்த ஊர்லயே நீங்க ஒருத்தர்தான். நிமிருங்க சார், தலை சுத்தப்போகுது."

ஒத்திகை பார்த்ததெல்லாம் போன இடம் தெரியவில்லை. பெட்டியைக் கீழே வைத்தான், எடுத்தான், மறுபடி வைத்தான். பிறகு செருப்பு விடுகிற இடத்திலேயே மண்டியிட்டுவிட்டான்.

"என்னை மன்னிச்சிடுங்க. ஒரு வார்த்தை சொல்லாம விட்டுட்டுப் போயிட்டேன். என் வேலையெல்லாம் உங்க தலைல கட்டிட்டு... மூணு நாளா வந்து பாக்கறேன், ராத்திரி எட்டு மணிக்கும் நீங்க வரல. எல்லாம் என்னாலதான்."

"என்ன உங்களாலதான்? நான் சுவர் ஏறப் போயிருந்தேன்."

"எங்க?"

"மலை ஏறற மாதிரி சுவர் ஏறி விளையாடற கிளப். ஸ்டேஷனுக்குப் பின்னாடி. வாரத்துல நாலு நாள் போறேன், ஞாயித்துக்கிழமை நிஜப் பாறை. அஞ்சரைக்கு ஆபீஸ் விட்டா நேரா அங்கதான். முதல்ல எழுந்திருங்க சார், எதிர்வீட்டுக்காரங்க பாக்கறாங்க."

குரமோச்சி எழுந்தான். அஞ்சரை என்ற சொல் அவன் காதில் ஏதோ வெளிநாட்டுப் பெயர் மாதிரி விழுந்தது.

"அஞ்சரைக்கா? அப்ப அட்டவணை?"

"எந்த அட்டவணை?"

"செவ்வாய்க்கிழமை அட்டவணை."

"ஓ, அதுவா?" அவள் கொஞ்சம் தயங்கினாள். டேப் சுற்றிய விரலால் மூக்கைத் தேய்த்தாள். "அது இப்ப இல்ல சார்."

"இல்லன்னா? கம்ப்யூட்டர்ல போட்டுட்டாங்களா?"

"இல்ல. நிறுத்திட்டோம். நீங்க போன அன்னிக்கு உங்க மேஜைல பாதி கலர் அடைச்ச தாள் கிடந்துச்சு. நான்தான் முடிச்சாகணும்னு நினைச்சு, எந்தக் கிளைக்கு எந்தக் கலர்னு கேக்க இசோபே சார்கிட்ட எடுத்துட்டுப் போனேன். அவர் தாளைப் பாத்தார், என்னைப் பாத்தார். உங்களுக்கும் இது பிடிக்குமான்னு கேட்டார்."

"என்னது?"

"உங்களுக்கும் இது பிடிக்குமான்னு. பிடிக்காது சார்னு சொன்னேன். அப்படின்னா விட்டுடுங்கன்னார். அவ்வளவுதான்."

"கிளைக்காரங்க ஒண்ணும் கேக்கலையா? மேலிடம்?"

"ஒருத்தரும் கேக்கல சார்."

அவள் சொல்லலாமா வேண்டாமா என்று அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்.

"குரமோச்சிக்கு அது ரொம்ப ஆசையான வேலை, கலர் எல்லாம் போட்டு எவ்வளவு பிரியமா செய்வான், வேண்டாம்னு சொல்ல மனசு வரலைன்னு அன்னிக்கு அவரே சொன்னார்."

குரமோச்சி பெட்டியை எடுத்து அவள் கையில் கொடுத்தான். கையெழுத்து வாங்கினான். டேப் சுற்றிய விரலால் அவள் போட்ட கோழிக் கிறுக்கலை ரொம்பக் கவனமாகப் பார்த்தான். "கீழ வைங்க, கனம்" என்றான். அவள் கொஞ்சம் ஊறுகாய் எடுத்துக்கொண்டு போகச் சொன்னாள். வேண்டாம் என்றானா சரி என்றானா என்று நினைவில்லை, மாடிப்படி இறங்கும்போது கையில் ஒரு பொட்டலம் இருந்தது.

வண்டியில் உட்கார்ந்து சாவியைப் போட்டான். திருப்பவில்லை. அவள் குழியில் விழவில்லை, அது நல்ல செய்தி. ஏழு மாதமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் இறங்கவேண்டும். இறங்கவும் செய்தது. ஆனால் அந்த இடத்தில் வேறு ஒன்று வந்து உட்கார்ந்துகொண்டது, அதற்குப் பெயர் தெரியவில்லை. ஆறு வருஷம், முந்நூறு திங்கட்கிழமை. ஒரு நிமிஷப் பேச்சில் ஒரு சின்னப் பெண் அதை முடித்துவிட்டாள். பிடிக்குமா என்று கேட்டார்கள், பிடிக்காது என்றாள். தன்னிடம் ஏன் யாரும் கேட்கவில்லை? கேட்டிருந்தால் தான் என்ன சொல்லியிருப்போம்? சிரிப்பு வந்தது. சிரித்தான். கண்ணில் தண்ணீர் வந்ததும் இது சிரிப்புத்தானா என்று சந்தேகமாகிவிட்டது. பிறகு கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாமலே நல்ல சூடான கோபம். இத்தனை வயதில் அவனுக்கு இப்படிக் கோபம் வந்ததில்லை.

கிளம்பி இரண்டு தெரு தாண்டியதும் வண்டியை ஒரு கடை முன்னால் ஓரம் கட்டினான். இசோபேயின் எண்ணைப் போனிலிருந்து எப்போதோ அழித்துவிட்டான். விரல் மறக்கவில்லை.

"இசோபே பேசறேன்."

"சார், குரமோச்சி."

அந்தப் பக்கம் ஏதோ கீழே விழுந்த சத்தம் கேட்டது. அதற்குப் பின்னால் ஒரு பழக்கமான உறுமல். ஆபீஸ் ஜெராக்ஸ் எந்திரம்.

"ஆபீஸ்லயா சார் இருக்கீங்க? இன்னிக்குச் சனிக்கிழமையாச்சே."

"வீட்ல இருந்தா என் வீட்டுக்காரிக்கு இடைஞ்சலா இருக்கும்னு வந்துட்டேன்."

"இடைஞ்சல்னு அவங்க சொன்னாங்களா?"

"சொல்லல" என்றார் இசோபே. கொஞ்சம் யோசித்து மறுபடியும், "சொல்லல" என்றார்.

"சார், அந்த அட்டவணையைப் படிச்சீங்களா?"

"முதல் ரெண்டு மாசம் படிச்சேன்."

"அப்புறம்?"

"முத்திரை குத்தினேன்."

"எனக்கு அது ஆசையான வேலைன்னு யார் சார் சொன்னாங்க?"

"யாரும் சொல்லலப்பா. கலரெல்லாம் போட்டிருந்தியே."

"கலர் நல்லாயிருக்குன்னு நீங்கதான் ஒரு தடவை சொன்னீங்க. அதுக்காகத்தான் ஆறு வருஷமா கலர் போட்டேன்! எனக்குக் கலர் பிடிக்காது சார். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

கடைக்குள் போய்க்கொண்டிருந்த ஒரு அம்மாள் திரும்பிப் பார்த்தாள். மேலதிகாரியிடம் அவன் குரலை உயர்த்தியது இதுதான் முதல் தடவை. இப்போது மேலதிகாரி இல்லைதான், ஆனாலும் முதுகு தானாகவே நிமிர்ந்து விறைத்துக்கொண்டது.

"சொல்லியிருக்கணும்" என்றார் இசோபே. "நீயும் சொல்லியிருக்கணும் குரமோச்சி. யாரோ ஒரு பையன் போன் பண்ணி, இனிமே வரமாட்டார், நீங்க கூப்பிடக்கூடாதுன்னான். உனக்கு உடம்பா மனசா, உயிரோட இருக்கியா, ஒண்ணும் கேக்க விடல. நான் பாட்டுக்கு ஏழு மாசமா என்னென்னமோ நினைச்சிட்டிருக்கேன்."

குரமோச்சி போனை மற்றக் காதுக்கு மாற்றினான். அவர் ஒருவர் இருக்கிறார், அவருக்கும் அந்தச் செவ்வாய்க்கிழமை ஒன்று இருந்தது என்பது அவன் புத்தியில் ஒரு நாளும் உதித்ததில்லை. கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"மன்னிச்சிடுங்க சார்."

"சரி, விடு. இப்ப என்ன பண்றே?"

"பார்சல் வண்டி ஓட்டறேன்."

"பிடிச்சிருக்கா?"

'ஆமாம் சார், உங்கள் ஆசீர்வாதம்' என்று சொல்ல நாக்கு தயாராக எழுந்தது. அவன் அதைப் பிடித்து நிறுத்தினான். பிடித்திருக்கிறதா? நிஜமாகவே யோசிக்கவேண்டியிருந்தது. அந்தப் பக்கம் இசோபே அவசரப்படுத்தவில்லை.

"லிஃப்ட் இல்லாத வீட்டுக்குத் தண்ணி பாட்டில் பெட்டி தூக்கறது பிடிக்கல" என்றான் குரமோச்சி. "மழை பிடிக்கல. நாய் இருக்கற வீடு பிடிக்கல. மத்தபடி பிடிச்சிருக்கு சார். ரொம்பப் பிடிச்சிருக்கு."

"அப்படியா" என்றார் இசோபே. ஜெராக்ஸ் எந்திரம் நின்றுபோன மாதிரி இருந்தது. "எனக்கு இங்க வர்றதே பிடிக்கல குரமோச்சி. எத்தனையோ வருஷமா."

சட்டென்று போனை வைத்துவிட்டார்.

குரமோச்சி போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வண்டிக்குள் இன்னும் முப்பத்தெட்டுப் பெட்டி இருந்தது, பகலில் கொண்டுவரச் சொன்னவர்கள் காத்துக்கொண்டிருப்பார்கள். மனுஷர் வாய் தவறிச் சொல்லிவிட்டார், வெட்கப்பட்டு வைத்துவிட்டார், கேட்காத மாதிரி விட்டுவிடுவதுதான் மரியாதை. அவனை அப்படித்தான் வளர்த்திருந்தார்கள். ஊரே அப்படித்தான் வளர்ந்திருந்தது. அது சரியா தப்பா என்று அந்த நிமிஷத்தில் அவனுக்குச் சத்தியமாகத் தெரியவில்லை.

மறுபடியும் அதே எண்ணை அழுத்தினான்.